பருமன் கணக்கில் வராதவர்கள்

“ஆள் ஒல்லிதானே, அவருக்கு எப்படி வந்தது?” கொச்சிக்கடையிலோ ஜம்பட்டா வீதியிலோ யாருக்காவது திடீரென்று மாரடைப்பு என்ற செய்தி பரவும்போது முதலில் எழும் கேள்வி இது. பருத்த உடம்புக்காரர் என்றால் யாரும் அப்படிக் கேட்பதில்லை. “கொஞ்சம் உடம்பைக் குறைச்சிருக்கலாம்” என்று பேச்சை முடித்துவிடுவார்கள். இரண்டு பேச்சுக்கும் அடியில் ஓடுவது ஒரே கணக்கு: பருமன் என்றால் வருத்தம், மெலிவு என்றால் சுகம். மருத்துவ ஆய்வாளர்களும் நெடுங்காலமாக இதே கணக்கைத்தான் நாகரிகமான வடிவத்தில் போட்டுப் பார்த்து வருகிறார்கள். உடற்பருமன் உள்ள வளர்ந்தோரில் எத்தனை பேருக்கு அனுசேப நோய்க்கூட்டு இருக்கிறது? கேள்வி நியாயமானது. அதற்கு விடையும் உண்டு. ஆனால் துறைமுக மதிலை ஒட்டிய கொழும்பு 13இல் அந்த விடையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நோயாளரைத் தேடப் புறப்பட்டால் பாதிப் பேரைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

டொக்டர்மார் ‘மெட்டபோலிக் சிண்ட்ரோம்’ என்று சொல்லும் இந்த நோய்க்கூட்டு தனியொரு நோய் அல்ல. ஐந்து அளவுகளில் ஏதாவது மூன்று எல்லை கடந்திருந்தால் அந்தப் பெயர் வரும். இடுப்புச் சுற்று தெற்காசிய ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. வெறுவயிற்றில் இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராம். இரத்த அழுத்தம் 130/85. இரத்தத்தில் ஓடும் கொழுப்பாகிய ட்ரைகிளிசரைட்டு 150. ‘நல்ல கொலஸ்ட்ரோல்’ எனப்படும் எச்.டி.எல். மட்டும் மறுபக்கம், ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் கீழே இறங்கினால் குறை. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம், அமெரிக்க இருதயச் சங்கம் முதலான அமைப்புகள் 2009இல் கூடி ஒத்துக்கொண்ட வரையறை இது. தனித்தனியே பார்த்தால் இவற்றில் பல, மருந்து எழுதும் அளவுக்குக்கூட வராது. 130/85 என்றால் “கொஞ்சம் கூட, உப்பைக் குறையுங்கோ” என்பதோடு சரி. ஒரே உடம்பில் மூன்று சேர்ந்தால் நிலைமை வேறு. அப்படிப்பட்டவருக்கு அடுத்த ஐந்து, பத்து ஆண்டுகளில் இருதய, இரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. நீரிழிவு வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு.

இந்தக் கூட்டை இன்றைய வடிவில் மருத்துவ உலகின் முன் வைத்தவர் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரால்ட் ரீவன். 1988இல் அவர் ஆற்றிய பான்டிங் நினைவுரையில் அதற்கு ‘சிண்ட்ரோம் எக்ஸ்’ என்று பெயரிட்டார். இன்சுலின் சுரக்கிறது, ஆனால் உடம்பு அதற்குச் செவிசாய்ப்பதில்லை. மற்ற எல்லாக் கோளாறும் அந்த இன்சுலின் எதிர்ப்பிலிருந்து கிளைக்கின்றன என்பது அவர் வாதம். நம் கவனத்துக்குரிய செய்தி வேறொன்று. ரீவனின் அன்றைய பட்டியலில் உடற்பருமன் இல்லை. பருக்காதவர்களிடமும் இன்சுலின் எதிர்ப்பைக் கண்டதால் அதை அவர் வேண்டுமென்றே வெளியே விட்டிருந்தார். பிற்பாடு வந்த குழுக்கள்தான் இடுப்பைச் சேர்த்தன. 2005இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் ஒரு படி மேலே போய், இடுப்பு எல்லை தாண்டாதவருக்கு இந்தப் பெயரே கிடையாது என்று விதித்தது. அதே ஆண்டில் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவு அமைப்புகள் கூட்டாக அறிக்கை வெளியிட்டு, இப்படியொரு கூட்டுக்குத் தனிப்பெயர் தேவையா என்றே கேட்டன. பெயரைப் பற்றிய அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. ஐந்து அளவையும் ஒருசேரப் பார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவந்ததே அந்தப் பெயர் செய்த உதவி.

இனிக் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நடந்த தேசிய உடல்நல அளவீட்டில், சரியான எடையுள்ள ஆண்களில் 4.6 வீதத்தினருக்கும், எடை சற்றுக் கூடியவர்களில் 22.4 வீதத்தினருக்கும், பருமனானவர்களில் 59.6 வீதத்தினருக்கும் இந்த நோய்க்கூட்டு இருந்தது. பெண்களில் முறையே 6.2, 28.1, 50. ஏணி போல ஏறும் இந்த எண்களைப் பார்த்தால் மறுபேச்சு எழாது. ஐரோப்பாவின் பல நாட்டு ஆய்வுக் குழுக்கள் தங்கள் தரவுகளை ஒரே அளவுகோலில் இணைத்து 2014இல் வெளியிட்ட ஆய்வு, பருமனானவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தது. பெண்களில் நாட்டுக்கு நாடு 24 முதல் 65 வீதம், ஆண்களில் 43 முதல் 78 வீதம். ஆக, பருத்தவர்களில் பாதிக்குப் பாதி, சில இடங்களில் நாலில் மூன்று பங்கு.

இவ்வளவு அகலமான வீச்சு ஏன்? நாட்டுக்கு நாடு உணவும் உழைப்பும் வேறுபடுவது ஒரு காரணம். மற்றது, கேள்வியே தன் விடையில் ஒரு பங்கை முன்கூட்டிப் போட்டுவைத்திருக்கிறது. ஐந்து அளவில் இடுப்பும் ஒன்று. பருமனானவர் அநேகமாக அந்த ஒன்றைக் கையோடு கொண்டுதான் வருகிறார். அவருக்கு இன்னும் இரண்டு போதும். மெலிந்தவருக்கு மூன்றும் வேண்டும். ஆகவே பருத்தவர்களிடம் நோய்க்கூட்டு அதிகம் என்று கண்டுபிடிப்பதில் ஒரு பகுதி, வரையறை தன்னையே கண்டுபிடிப்பதுதான்.

அடுத்த சிக்கல், யார் பருத்தவர் என்பது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் உடற்திணிவுச் சுட்டி 30ஐத் தாண்டினால் பருமன் என்பது ஐரோப்பியருக்கு வகுத்த கோடு. உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2004இல் ஆசியருக்கு 23, 27.5 ஆகிய இரண்டு இடங்களில் எச்சரிக்கைக் கோடு போட்டது. 2021இல் இங்கிலாந்து மக்களின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு செய்த பெரிய ஆய்வொன்று இன்னும் கீழே போனது. வெள்ளையர் ஒருவருக்குச் சுட்டி 30இல் இருக்கும் நீரிழிவு ஆபத்து, தெற்காசியருக்கு 23.9லேயே வந்துவிடுகிறது. 23.9 என்பது ஐந்தடி ஏழு அங்குல உயரத்துக்கு 69 கிலோ. நம் தெருவில் அந்த உடம்பைப் பார்த்து யாரும் பருமன் என்று சொல்லமாட்டார்கள். “நல்லா இருக்கிறார்” என்பார்கள்.

இலங்கைக்கு வருவோம். 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த இலங்கை நீரிழிவு, இருதய நோய் ஆய்வு இந்த விடயத்தில் நமக்குக் கிடைத்த முதல் உறுதியான அடித்தளம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிரசாத் கட்டுலந்த, ரெஸ்வி ஷெரிப், ஒக்ஸ்போர்டின் டேவிட் மத்தியூஸ் முதலானோர் நடத்தியது. ஏழு மாகாணங்களில் நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. ‘இலங்கையர்’ பற்றிய எண்ணாக மேற்கோள் காட்டப்படும் பலவற்றிலும் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் சேராதது தமிழ் வாசகர் மனதில் இருத்திக்கொள்ள வேண்டிய சங்கதி. அந்த ஆய்வின்படி வயதுச் சீரமைப்புக்குப் பின் வளர்ந்தோரில் 24.3 வீதத்தினருக்கு நோய்க்கூட்டு இருந்தது. ஆண்களில் 18.4, பெண்களில் 28.3. கிராமத்தில் 21.6, நகரத்தில் 34.8. நகரவாசிகளில் மூவரில் ஒருவருக்கும் மேல்.

அதே ஆய்வுக் குழு, அதே மக்களிடம், ஆசிய அளவுகோலை வைத்து எடுத்த பருமன் கணக்கு 2010இல் வெளியானது. பருமனானவர்கள் 9.2 வீதம். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 100 பேரில் பருமனானவர் ஒன்பது பேர். நோய்க்கூட்டு உள்ளவர் இருபத்துநான்கு பேர். அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை, எல்லோருக்கும் நோய்க்கூட்டு உண்டு என்றே வைத்துக்கொண்டாலும் மீதிப் பதினைந்து பேர் பருமன் என்ற வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். ஐரோப்பிய ஆய்வு சொல்வதுபோல் பருத்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் என்றால், வெளியே நிற்பவர் இருபது பேர்.

பிரித்தானிய நோய்ப்பரவலியலாளர் ஜெப்ரி ரோஸ் 1985இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றின் சாரம் இதுதான். அதிக ஆபத்துள்ள சிலரைவிட, குறைந்த ஆபத்துள்ள பலரிடமிருந்தே நோயாளர் அதிகமாக வருகிறார்கள். பருத்தவர் ஒருவருக்கு ஆபத்து அதிகம் என்பது அவரைப் பொறுத்தவரை முழு உண்மை. டொக்டர் அவரிடம் அதைச் சொல்லத்தான் வேண்டும். ஊரைப் பொறுத்தவரை அது சிறு பங்கு. தனி ஆளுக்கான புத்திமதியை ஊருக்கான திட்டமாக எடுத்துக்கொள்ளும்போதுதான் தேடல் தவறான வாசலில் போய் நிற்கிறது.

புறக்கோட்டையிலிருந்து ரயில் பாதை வழியே வடக்கே போனால் வரும் ராகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடம் 2007இல் தொடங்கிய ஆய்வு இதை இன்னும் நெருக்கமாகக் காட்டுகிறது. 35 முதல் 64 வயது வரையுள்ள 2,985 பேர். கொச்சிக்கடையைப்போல நெருக்கமான இடம் இல்லாவிட்டாலும் அதுவும் கொழும்பின் நீட்சிதான். அங்கிருந்து காலை ரயிலில் வருபவர்கள் புறக்கோட்டையிலும் துறைமுகத்திலும் வேலை செய்கிறார்கள். இடுப்பு கட்டாயம் என்ற 2005ஆம் ஆண்டு வரையறையில் பார்த்தபோது 38.9 வீதத்தினருக்கு நோய்க்கூட்டு. இடுப்பு கட்டாயமில்லை, ஐந்தில் எந்த மூன்றும் சரி என்ற அமெரிக்க வரையறையில் 46.1 வீதம். மக்களும் இரத்தமும் ஒன்றே. மாறியது விதி மட்டும். இடையில் நிற்கும் 7.2 வீதத்தினர் இடுப்பு எல்லைக்குள் இருப்பவர்கள். இடுப்பு நாடாவை வாசலில் வைத்து, அதைத் தாண்டியவரை மட்டும் உள்ளே விட்டிருந்தால் இந்த இருநூறு சொச்சம் பேரும் “உங்களுக்கு ஒன்றும் இல்லை” என்ற பதிலோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ராகமையில் இன்னொன்றும் தெரியவந்தது. மதுவோடு தொடர்பில்லாத ஈரல் கொழுப்பு மூவரில் ஒருவருக்கு, 32.6 வீதத்தினருக்கு. பருமன் எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்பதற்கு அதுவே தடயம்.

அப்படியென்றால் இடுப்பு நாடாவின் எல்லையாவது நமக்குச் சரியா? கட்டுலந்த குழுவினர் 2011இல் இலங்கையருக்கென்றே கோடு தேடிப் பார்த்தார்கள். சீனி, அழுத்தம், கொழுப்பு ஆகிய ஆபத்துகளைச் சிறப்பாகப் பிரித்துக் காட்டும் இடுப்புச் சுற்று ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறத்தாழ 76 சென்ரிமீற்றராக வந்தது. அதாவது 30 அங்குலம். உலகம் நமக்கென்று குறைத்துத் தந்த 90கூட ஆண்களுக்கு மிகத் தாராளம். அந்த அளவைச் சட்டமாக்கினால் ஊரில் பெரும்பாலோர் நோயாளர் பட்டியலுக்குள் வந்துவிடுவார்கள் என்பதால் யாரும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரத் துணிவதில்லை. அதில் நியாயமும் உண்டு. ஆபத்து தொடங்கும் இடமும் மருந்து தொடங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கோட்டுக்குக் கீழே நிற்பவருக்கு ஆபத்தே இல்லை என்று நினைப்பது வேறு.

ஒரே எடையில் இரண்டு உடம்புகள் எவ்வளவு வேறுபடலாம் என்பதற்கு மருத்துவ இலக்கியத்தில் ஒரு பிரபலமான புகைப்படம் உண்டு. 2004இல் ‘லான்செட்’ சஞ்சிகையில் வந்தது. பூனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜோன் யட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவரும் இத்துறை நிபுணர்கள். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி 22.3. யட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 வீதம். யாஜ்னிக்கின் உடம்பில் 21.2. தராசுக்கு இருவரும் ஒன்றே.

கொழுப்பு அதிகம் என்பதைவிட அது எங்கே போய்ச் சேர்கிறது என்பது முக்கியம். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு ஓரளவு பாதுகாப்பான சேமிப்பு. நம் பக்கத்து உடம்புகளில் அந்தக் கிட்டங்கி சிறியது. அது நிரம்பியதும் வந்திறங்கும் சரக்கு வராந்தாவிலும் படிக்கட்டிலும் குவிவதுபோல, கொழுப்பு ஈரலுக்கும் கணையத்துக்கும் தசைக்கும் குடலைச் சுற்றிய இடத்துக்கும் போகிறது. கொழுத்த ஈரல் இன்சுலினை மதிக்காது. சாப்பிடாத நேரத்திலும் சீனியை இரத்தத்துக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். மிஞ்சிய கொழுப்பைப் பொதிகட்டி ட்ரைகிளிசரைட்டாக வெளியே அனுப்பும். இரத்தத்தில் அது கூடும்போது எச்.டி.எல். தேய்கிறது. கணையம் ஈடுகொடுக்க இன்சுலினைக் கூட்டுகிறது. கூடிய இன்சுலின் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்க அழுத்தம் ஏறுகிறது. ஐந்து அளவில் நான்கு இப்படி ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. எல்லோருக்கும் கிட்டங்கியின் அளவு ஒன்றல்ல. நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ரோய் டெய்லர் இதை ஆளுக்கு ஆள் வேறுபடும் கொழுப்பு எல்லை என்கிறார். 100 கிலோவிலும் சிலர் தங்கள் எல்லைக்குள் இருக்கிறார்கள். வேறு சிலர் 62 கிலோவிலேயே தாண்டிவிடுகிறார்கள். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் போதிய ஊட்டமில்லாமல் வளர்ந்து, பின்னர் நகரத்துச் சாப்பாட்டுக்கு வந்த உடம்புகளுக்கு இந்த எல்லை தாழ்ந்திருக்கும் என்பது யாஜ்னிக் போன்றோர் நெடுநாளாகச் சொல்லி வருவது.

இப்போது கொச்சிக்கடைத் தெருவுக்கு வரலாம். நீர்கொழும்புக்கு அப்பால் இருக்கும் கொச்சிக்கடையைச் சொல்லவில்லை. அந்தோனியார் கோயில் இருக்கும் கொச்சிக்கடை. ஒருபுறம் துறைமுகம், மறுபுறம் ஜிந்துப்பிட்டியும் செட்டியார் தெருவும், மேலே கொட்டாஞ்சேனை. இந்தப் பகுதியின் உழைப்பு ஒரு காலத்தில் முதுகின் உழைப்பு. கப்பலிலிருந்து மூட்டை இறக்கியவர்களும் கிட்டங்கிக்குச் சுமந்தவர்களும் இங்கும் சுற்றுவட்டாரத்திலும் வாழ்ந்தார்கள். 1980களின் நடுப்பகுதியில் ஜய கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கிய பிறகு சரக்கு பெட்டிக்குள் போனது, பெட்டியைப் பாரந்தூக்கி தூக்கியது. புறக்கோட்டையில் நாட்டாமிகள் இன்னும் வண்டி இழுக்கிறார்கள் என்றாலும் அவர்களுடைய பிள்ளைகள் கடையில் கல்லாவிலோ முச்சக்கரவண்டியிலோ காவலாளி நாற்காலியிலோ உட்கார்ந்திருக்கிறார்கள். உழைப்பு குறைந்த வேகத்துக்குச் சாப்பாடு மாறவில்லை. மாறியதும் தவறான பக்கம்தான்.

காலையில் பாணும் பருப்பும், அல்லது இடியப்பமும் சொதியும். மத்தியானம் சோற்றுப் பார்சல். அதில் சோறு மலை, மீன் துண்டு ஒன்று. நாலு மணிக்கு ரோல்ஸ், பற்றிஸ், மீன் பனிஸ், கூடவே சீனி தூக்கலாகப் பால் தேத்தண்ணி. இரவு தகரத்தில் தாளம் கேட்கத் தொடங்கினால் கொத்துரொட்டி. இலங்கை வளர்ந்தோரின் உணவை அளந்த ரணில் ஜயவர்தன குழுவினர், உட்கொள்ளும் சக்தியில் 70 வீதத்துக்கும் மேல் மாப்பொருளிலிருந்து வருவதாகக் கண்டார்கள். நம்மவர்கள் கொழுப்பைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள்: தேங்காய்ப்பால் கூடாது, முட்டை மஞ்சட்கரு கூடாது என்று. ட்ரைகிளிசரைட்டை ஏற்றுவதில் சோறும் பாணும் சீனியும் பிடிக்கும் பங்கு அவர்களுக்குத் தெரிவதில்லை. “எண்ணெய்ச் சாப்பாடே தொடுறதில்லை, எப்படிக் கொழுப்பு?” என்று கிளினிக்கில் கேட்பவர்கள் பொய் சொல்வதில்லை.

இதன்மேல் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்து விழுந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். தட்டின் விலை இரட்டிக்கும்போது முதலில் தட்டை விட்டுப் போவது மீனும் முட்டையும் பாலும் மரக்கறியும். சோறும் பாணும் கடைசிவரை நிற்கும். வறுமை என்றால் மெலிவு என்று நினைத்த காலம் போய்விட்டது. வயிறு பருத்து, கை கால் மெலிந்த உடம்பு பஞ்சத்தின் மறுமுகமாக இருக்கலாம். நெருக்கடிக்கு முன்பே, 2021இல் நடந்த தேசிய அளவீட்டில், சுட்டி 30 என்ற கடுமையான கோட்டின்படியே வளர்ந்தோரில் 11 வீதத்தினர் பருமன். ஆறு ஆண்டுகளுக்கு முன் அது 5.9. கொழும்பு நகரத்தில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வொன்றில் நால்வரில் ஒருவருக்கும் மேல் நீரிழிவு இருந்தது.

இலங்கை ஆய்வில் பெண்களின் எண் ஏன் அவ்வளவு உயர்ந்தது, ஆண்களின் 18க்கு எதிரே 28? எச்.டி.எல். கோடு பெண்ணுக்கு உயரமாகப் போடப்பட்டிருப்பது ஒரு பகுதிக் காரணம். மகப்பேறுகளும் மாதவிடாய் நிற்கும் பருவமும் இன்னொரு பகுதி. மற்றதை இந்தப் பகுதித் தோட்டங்களின் ஒழுங்கைகளில் பார்க்கலாம். தோட்டம் என்பது இங்கே செடிகொடி அல்ல. ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். ஒரு அறையும் ஒரு குசினியும் உள்ள வீட்டில் நாள் முழுதும் வேலை இருக்கும், நடை இருக்காது. காலிமுகத்திடலில் மாலை நடப்பதற்கு பஸ் காசும் நேரமும் வேண்டும். வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில் சப்பாத்து மாட்டிக்கொண்டு நடக்கும் தமிழ்ப் பெண்களைப் பார்க்கிறோம், கொச்சிக்கடையில் ஒரு பெண் காரணமில்லாமல் வேகமாக நடந்தால் “எங்கே போறீங்க அக்கா?” என்று நாலு பேர் கேட்பார்கள். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்கு நடந்து வருவது பலருக்கு வாரத்தின் ஒரே நீண்ட நடை.

இவ்வளவும் சொன்னதால் பருமனுக்கு நற்சான்று கொடுத்துவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பருத்திருந்தும் மற்ற அளவுகள் பெரும்பாலும் ஒழுங்காக உள்ளவர்கள் உண்டு. 2008இல் வெளியான அமெரிக்கக் கணக்கில் பருமனானவர்களில் 31.7 வீதத்தினர் அப்படி. அதே கணக்கில் சரியான எடையுள்ளவர்களில் 23.5 வீதத்தினரின் இரத்தம் கெட்டிருந்தது. ‘ஆரோக்கியமான பருமன்’ என்ற சொற்றொடர் அதன்பின் பத்திரிகைகளில் அடிபட்டது. லண்டன் அரச ஊழியர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த வைட்ஹோல் ஆய்வு, அந்தச் சொற்றொடரின் ஆயுளை அளந்தது: ஆரோக்கியமாகப் பருத்திருந்தவர்களில் பாதிப் பேர் இருபது ஆண்டுகளில் ஆரோக்கியமற்ற பக்கம் போய்விட்டார்கள். பிரித்தானியாவில் 35 இலட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2017இல் செய்த ஆய்வில், சீனியும் அழுத்தமும் கொழுப்பும் சரியாக உள்ள பருத்தவருக்கும், அவரைப் போன்ற மெலிந்தவரைவிட இருதயக் குழாய் நோய் வாய்ப்பு ஒன்றரை மடங்காகவும் இருதயம் பலவீனமடையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகவும் இருந்தது. ஆகவே பருத்தவரிடம் நோய்க்கூட்டு எவ்வளவு என்ற கேள்விக்கு எந்த எண்ணைச் சொன்னாலும் அது ஒரு நாளின் எண். அடுத்த பத்தாண்டில் அது ஏறும். 2025 ஜனவரியில் பிரான்செஸ்கோ ருபினோ தலைமையிலான லான்செட் ஆணைக்குழு, உடற்திணிவுச் சுட்டியை மட்டும் வைத்துப் பருமனைத் தீர்மானிக்க வேண்டாம், உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள் என்று சொன்னது. இடுப்பையும் கூடவே அளக்கச் சொன்னது. நம் பக்கத்து டொக்டர்மார் இருபது ஆண்டுகளாகச் சொல்லி வந்ததற்குப் பிந்தி வந்த ஒப்புதல் அது.

நாட்டில் இதற்கு வசதி இல்லாமல் இல்லை. சுகாதார அமைச்சு 2011 முதல் நடத்தி வரும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் எடை, உயரம், இரத்த அழுத்தம், சீனி எல்லாம் காசில்லாமல் பார்க்கிறார்கள். வருபவர்களில் பெண்களே அதிகம். நாட்கூலிக்காரருக்கு வேலைநாளின் காலைப்பொழுது என்பது அன்றைய சம்பளம். அதைவிடக் கடினமான தடை, தனக்கு ஒன்றுமில்லை என்ற நம்பிக்கை. இருபது வருடமாக 34 அளவுக் காற்சட்டைதான் போடுகிறேன் என்று பெருமையாகச் சொல்லும் ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காற்சட்டை வயிற்றுக்குக் கீழே இறங்கிக் கட்டப்படுகிறது என்பதைச் சொன்னால் கோபம் வருகிறது. இடுப்பை அளக்க வேண்டிய இடம் பெல்ட் போடும் இடம் அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்ட பின், வயிற்றை உள்ளிழுக்காமல் அளக்க வேண்டும். தையற்கடை நாடா போதும்.

நாடாவோடு இரத்தமும் பார்க்க வேண்டும் என்பதே ராகமையின் அந்த 7.2 வீதம் சொல்லும் செய்தி. உலக சுகாதார நிறுவனத்தின் இருதய ஆபத்து அட்டவணை வயது, பால், புகைத்தல், அழுத்தம், நீரிழிவு, மொத்தக் கொலஸ்ட்ரோல் ஆகியவற்றைக் கேட்கிறது. நம் உடம்புகளில் முதலில் கோணலாகும் ட்ரைகிளிசரைட்டும் எச்.டி.எல்.லும் அதில் இல்லை. மொத்தக் கொலஸ்ட்ரோல் 190 என்ற ரிப்போர்ட்டோடு நிம்மதியாக வீடு போகிறவருக்கு எச்.டி.எல். 31 ஆகவும் ட்ரைகிளிசரைட்டு 240 ஆகவும் இருக்கலாம். 40 வயதைத் தாண்டிய, தாய் தகப்பனுக்குச் சீனி வருத்தம் இருந்த ஒருவர், மெலிந்தவராக இருந்தாலும், அந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்க வேண்டும்.

கண்டுபிடித்தபின் மெலிந்தவரிடம் என்ன சொல்வது? “உடம்பைக் குறையுங்கோ” என்று அவரிடம் சொல்ல முடியாதே. இதற்குச் சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு விடை வைத்திருக்கிறது. 2006இல் வெளியானது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர். சராசரி உடற்திணிவுச் சுட்டி 25.8 மட்டுமே. ஒரு பிரிவினருக்கு நாளுக்கு அரை மணி நேர நடை, சீனியும் தீட்டிய மாப்பொருளும் குறைத்த சாப்பாடு. ஏற்கெனவே உடல் உழைப்புத் தொழிலில் இருந்தவர்களிடம் அதையே தொடரச் சொன்னார்கள். மூன்று ஆண்டுகளில், ஒன்றும் செய்யாத பிரிவில் 55 வீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. நடந்து, சாப்பாட்டை மாற்றிய பிரிவில் 39.3 வீதத்தினருக்கு. அவர்களுடைய எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.